தினமும் ஆபீஸ், அவ்வப்போது ரேஸ் டிராக்: ஒரே கார் போதுமா? வாங்கியதும் எதை மாற்றுவது?

போதும். சென்னையில் ஓட்டிக்கொண்டே இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கும் போக, 2020-ல் வந்த ஃபோக்ஸ்வேகன் போலோ 1.0 டிஎஸ்ஐ மேனுவலை செகண்ட் ஹேண்டில் தேடுங்கள்: 110 பிஎஸ், 6 கியர், எடையும் குறைவு.

வாங்கியதும் ரீமேப் (பவரைக் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றுவது) பக்கம் போகாதீர்கள். முதலில் பிரேக்! பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும். டாட் 4 தரத்தில், புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறினால் 155 வரைகூட இறங்கலாம். டிராக்கில் சில சுற்றுகள் விரட்டினால் உள்ளே ஆவி உண்டாகி, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. அதனால் புது ஆயில், வெப்பம் தாங்கும் பிரேக் பேட், அப்புறம் நல்ல டயர். சஸ்பென்ஷனை ரொம்பத் தாழ்த்தினால் நம் ஊர் வேகத்தடையில் அடி தட்டும்.