பிலிம் ரோல் கேள்வி பதில்: பழைய கம்பெனிகளுக்கு மறுபடி நல்ல காலமா?

பழைய வண்ணாரப்பேட்டையில் 30 வருஷம் பிலிம் கழுவிப் பிரிண்ட் போட்டவன் நான். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

பெரம்பூரிலிருந்து: காலேஜ் பிள்ளைகள் எல்லாம் பிலிம் கேமரா தேடுகிறார்கள். கோடாக் மாதிரி பழைய கம்பெனி இதனால் பிழைத்துக்கொள்ளுமா அண்ணே?

பிழைக்கும். ஆனால் எதை விற்கிறது என்பதுதான் கேள்வி. பெயரை வாடகைக்கு விடலாம். கோடாக் பெயர் போட்டு வரும் பிளாஸ்டிக் கேமராக்களைச் செய்வது வேறு கம்பெனிகள். அந்தப் பணம் சீக்கிரம் வரும், சீக்கிரம் நின்றும் போகும். பிலிமையே செய்வது வேறு விஷயம். ஜெலட்டினில் வெள்ளி உப்பைக் கலந்து, கும்மிருட்டில், முடியைவிட மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும். அந்த மெஷினைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டால் பிறகு எந்த மோகம் வந்தும் பயனில்லை.

கோடாக் 2012-இல் திவால் மனு கொடுத்தது. எக்டாக்ரோம் ஸ்லைடு பிலிமை நிறுத்தியதும் அதே வருஷம்தான். 2018-இல் அதே எக்டாக்ரோம் கடைக்குத் திரும்பி வந்தது. அமெரிக்காவில் ராச்செஸ்டரில் உள்ள கோடாக் ஆலையின் பூச்சு மெஷின் நிற்காமல் ஓடியதால்தான் அது முடிந்தது. ஓட வைத்தது சினிமா. பிலிம் வாங்குகிறோம் என்று ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் 2015-இல் ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தன. கோடாக்கின் இன்னொரு ஸ்லைடு பிலிமான கோடாக்ரோமுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அதைக் கழுவும் முறையே தனி. உலகத்தில் கடைசியாக அதைக் கழுவிய அமெரிக்க லேப் 2010 முடிவில் நிறுத்தியது. இன்று யார் பெட்டியிலாவது கோடாக்ரோம் ரோல் இருந்தால், அதை அதன் நிறத்தோடு கழுவித்தர லேப் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன்: பழைய கம்பெனி லாபம் பார்க்க வேண்டுமானால் ரோலை மட்டும் விற்றால் போதாது, கழுவுகிறவனையும் வாழவைக்க வேண்டும். சின்ன லேப் வாங்கும் அளவில் கெமிக்கல் பாக்கெட், மெஷினுக்கு உதிரி பாகம், வேலை பழக இரண்டு நாள் பயிற்சி. ரோல் வாங்கிய பையன் அதைக் கழுவ நாலு இடம் அலைந்தால் இரண்டாவது ரோல் வாங்க மாட்டான்.

திருவொற்றியூரிலிருந்து: கறுப்பு வெள்ளை பிலிமை வீட்டிலேயே கழுவலாமா?

தாராளமாக. நம் ஊரில் தண்ணீர்ச் சூடுதான் தொல்லை. படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்தான டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும். மே மாதம் மொட்டைமாடி டேங்க் தண்ணீர் கையையே சுடும். நாங்கள் காசிமேட்டில் மீனுக்குப் போடும் ஐஸ் வாங்கி வருவோம். அதை உடைத்து, பாலிதீன் பையில் கட்டி, அகலமான எவர்சில்வர் பேசினில் போட்டு, நடுவில் டெவலப்பர் பாட்டிலை நிறுத்துவோம். ஐஸ் உருகி டெவலப்பரில் ஒரு சொட்டு விழக்கூடாது. படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போவும் கழுவும் தண்ணீரும் அதே சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். வித்தியாசம் அதிகமானால் எமல்ஷன், அதாவது பிலிம் மேல் இருக்கும் ஜெலட்டின் பூச்சு, சுருங்கிவிடும். கலர் பிலிம் என்றால் அதன் டெவலப்பர் 38 டிகிரியில் இருக்க வேண்டும், அதில் 3 நிமிஷம் 15 விநாடி.

மண்ணடியிலிருந்து: பழைய சினிமா ரோலை வெட்டி விற்கிறார்கள், விலை குறைவு. வாங்கலாமா?

பின்பக்கம் கரிப்பூச்சு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் சாதாரண கலர் லேபில் கொடுக்கவே கூடாது. கரி கரைந்து மருந்தில் கலந்தால் உங்கள் ரோலோடு மற்றவர் கல்யாண ரோலும் கெட்டுப்போகும்.

வியாசர்பாடியிலிருந்து: ஸ்கேன் வந்துவிட்டது, நெகட்டிவ் எதற்கு?

நெகட்டிவைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். நானே ஒரு லேபில் மூன்று ரோல் கொடுத்தேன், ஒரு வாரம் கழித்துப் போனபோது நெகட்டிவைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். என் தங்கை கல்யாணம் அது.

கொருக்குப்பேட்டையிலிருந்து: எந்தக் கேமரா வாங்கலாம்?

இது ஆறாவது முறை வரும் கேள்வி. ஷட்டர் ஓடுகிறதா, லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிராண்டு அப்புறம்.

சௌகார்பேட்டையிலிருந்து: நம் ஊட்டி 'இந்து' பிலிமை யாராவது திரும்பக் கொண்டுவந்தால் ஓடாதா? பெயர் ஒன்றே போதுமே.

இதற்கு ராயபுரத்திலிருந்து ஒருவர், "ஆலையில் வேலை பார்த்தவர்களை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுப்பது அநியாயம்" என்று சண்டைக்கே வந்துவிட்டார். சௌகார்பேட்டைக்காரரும் விடவில்லை: "போலராய்டு பெயர் திரும்பி வரவில்லையா?"

வந்தது ஐயா. எப்படி வந்தது என்று பாருங்கள். 2008-இல் போலராய்டு, எடுத்தவுடனே கையில் படம் தரும் தன் இன்ஸ்டன்ட் பிலிமை நிறுத்தியபோது, நெதர்லாந்தின் என்ஸ்கெடே ஆலை மெஷின்களைப் பழைய ஆட்கள் சிலர் சேர்ந்து காப்பாற்றினார்கள். பழைய ரசாயனங்கள் கிடைக்காமல் புதிதாகக் கலவை கண்டுபிடித்தார்கள். அதற்கெல்லாம் அப்புறம்தான் பெயர் வந்து சேர்ந்தது. முதலில் வந்தவை ஆட்களும் மெஷினும்.

'இந்து' பிலிமைச் செய்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-இல் தொடங்கிய மத்திய அரசுக் கம்பெனி. தூசியில்லாத குளிர்ந்த காற்றும் நல்ல தண்ணீரும் கிடைக்கும் என்று ஊட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். கறுப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் அங்கிருந்து நாடு முழுக்கப் போயின. நான் தொழில் பழகியதே இந்து பேப்பரில்தான். டிரேயில் அசைக்கும்போது முகம் மெதுவாக எழுந்து வருவது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதனால் இந்த விஷயத்தில் ராயபுரத்துக்காரர் பக்கம்தான் நான். வெளிநாட்டு ரோலை வாங்கி 'இந்து' அட்டையில் போட்டு விற்றால் முதல் மாதம் நாங்கள் எல்லோரும் வாங்குவோம். இரண்டாவது மாதம் அட்டையைப் பிரித்துப் பார்த்தவன் வாங்க மாட்டான். எமல்ஷன் சமைத்த கைகள் இன்னும் இருக்கும்போதே, கறுப்பு வெள்ளையில் ஒரே ஒரு ரோலைச் சின்ன அளவில் ஆரம்பித்தால் நான் நம்புவேன்.

மறுபடியும் "எந்தக் கேமரா" என்று மூன்று பேர். மேலே பாருங்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து: காலமான அப்பாவின் கேமராவில் பாதி எடுத்த கறுப்பு வெள்ளை ரோல் இருக்கிறது. 25 வருஷம் ஆகிறது.

பின்மூடியைத் திறக்காதீர்கள் அம்மா. பிள்ளைகள் கைக்கும் எட்ட வேண்டாம். கறுப்பு வெள்ளை என்பதால் நம்பிக்கை உண்டு. புகை படிந்த மாதிரி இருக்கும், முகம் தெரியலாம். ஞாயிறு காலையில் கேமராவோடு கொண்டுவாருங்கள், ரோலை நான் இருட்டில் சுற்றி எடுக்கிறேன். ஐஸ் வாங்கி வைக்கிறேன்.