சின்ன அறக்கட்டளைக்கு நிதி கேட்பது எப்படி? முதலில் பட்ஜெட்டை எழுதுங்கள்

கேள்வி: "கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் மாலைநேர வகுப்பு நடத்துகிறோம். ஐந்து வருடமாகிறது. இரண்டு மையங்கள், 60 பிள்ளைகள். அறக்கட்டளையாகப் பதிவு செய்திருக்கிறோம், 12ஏ (அறக்கட்டளைக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) இரண்டும் இருக்கின்றன. நண்பர்கள் தரும் பணத்தில்தான் ஓடுகிறது, போன வருடச் செலவு 1 லட்சத்து 90 ஆயிரம். பெரிய டிரஸ்டுகளுக்கும் கம்பெனிகளுக்கும் 10 லட்சம் கேட்டுக் கடிதம் அனுப்பினோம், ஒருவரும் பதில் போடவில்லை. எப்படி எழுதினால் கிடைக்கும்? ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமா?"

அனுப்பிய கடிதத்தின் நகலையும் இந்த வாசகர் இணைத்திருந்தார், அதனால் நேராகவே சொல்கிறேன். இரண்டு பக்கக் கடிதத்தில் ஒன்றரைப் பக்கம் ஊரின் வறுமை, பெற்றோரின் கஷ்டம், உங்கள் கனவு. கடைசி வரியில் 10 லட்சம் வேண்டும் என்று இருக்கிறது. அந்த 10 லட்சம் எதற்கு, எத்தனை மாதத்துக்கு, யார் கையில் செலவாகும், செலவான பிறகு பிள்ளைகளிடம் என்ன மாறியிருக்கும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. படிப்பவருக்கு மனம் இளகாமல் இருக்காது. ஆனால் அவர் அதை அறங்காவலர் கூட்டத்தில் வைத்து நாலு பேர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்ல நீங்கள் அவருக்கு எதுவும் கொடுக்கவில்லை.

எனவே கடிதத்தைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் பட்ஜெட்டை எழுதுங்கள். பட்ஜெட் சரியாக வந்துவிட்டால் ப்ரபோசலில், அதாவது நிதி கேட்கும் விண்ணப்பத்தில், முக்கால்வாசி முடிந்த மாதிரிதான். உங்கள் மையங்களுக்கு நான் போட்டுப் பார்த்தேன், தொகைகளை உங்கள் ஊர் நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆசிரியர் இரண்டு பேர், மாதம் 6,000 வீதம் வருடத்துக்கு 1,44,000. ஒருங்கிணைப்பாளர் சம்பளம் 10,000, அவர் பாதி நேரம்தான் இந்த வேலை பார்க்கிறார் என்றால் பாதியை மட்டும் இதில் எழுதுங்கள், 60,000. சுண்டல், பயறு, ஒரு பிள்ளைக்கு 10 ரூபாய், வருடத்தில் 220 நாள், 1,32,000. வாடகையும் கரண்டும் மாதம் 3,000 என்றால் 36,000. நோட்டு, புத்தகம் பிள்ளைக்கு 600 வீதம் 36,000. ஆசிரியர் பயிற்சி நாலு நாள், 20,000. போக்குவரத்து 18,000. கணக்கு எழுத, ஆடிட் செய்ய 25,000. கூட்டினால் 4,71,000 வருகிறது, ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 7,850. நண்பர்கள் தருவதில் நிச்சயம் என்று சொல்லக்கூடியது 1,20,000 என்று வைத்துக்கொண்டால் நீங்கள் கேட்க வேண்டியது 3,51,000. 10 லட்சம் இல்லை.

இந்தக் கணக்கை எழுதும்போதே உங்களுக்குப் பல விஷயம் தெளிவாகும். இப்போது ஆசிரியர்களுக்கு என்ன கொடுக்கிறீர்கள்? 1,90,000-இல் இரண்டு மையம் ஓடுகிறது என்றால் அவர்கள் கிட்டத்தட்டச் சும்மா வேலை பார்க்கிறார்கள். தியாகம் என்று அதை மறைக்காதீர்கள். நியாயமான சம்பளத்தைப் பட்ஜெட்டில் எழுதுங்கள், ஏனென்றால் உங்கள் ஆசிரியர் ஒருவருக்கு ஜவுளிக் கடையில் வேலை கிடைத்தால் போய்விடுவார், அன்றைக்கு மையம் மூடும். நிதி தருபவர்களில் அனுபவம் உள்ளவர்களுக்கு இது தெரியும், ஆசிரியர் சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று பார்த்தால் அவர்களுக்கு வருவது சந்தேகம்தான். ஆடிட் செலவையும் கூச்சப்பட்டு விடாதீர்கள், கணக்கு ஒழுங்காக வேண்டும் என்று கேட்பவர்கள்தான் அதற்கான செலவையும் ஏற்க வேண்டும். அப்புறம், போன வருடம் இரண்டு லட்சம்கூடக் கையாளாத அமைப்பு திடீரென 10 லட்சம் கேட்டால் எதிர்ப்பக்கம் இருப்பவர் உங்கள் தணிக்கை அறிக்கையை எடுத்துப் பார்த்துவிட்டு மூடிவிடுவார். மூன்றரை லட்சம் என்றால் நம்புவார். கட்டடம் கட்டுவதை முதல் விண்ணப்பத்தில் தயவுசெய்து தொடாதீர்கள்.

எதிர்ப்பக்கத்து நிலைமையையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். கொடுக்கிற டிரஸ்டும் வருமான வரிச் சட்டத்துக்கு உட்பட்டதுதான், வரிவிலக்கு வேண்டுமென்றால் வருட வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவழித்துக் காட்ட வேண்டும். உங்களைப் போன்ற இன்னொரு டிரஸ்டுக்குக் கொடுப்பதும் அதில் சேரும். ஆனால் 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு கொடுத்ததில் 85 சதவீதம்தான் கணக்கில் வரும், ஒரு லட்சம் கொடுத்தால் 85 ஆயிரம். கார்பஸ், அதாவது செலவழிக்காமல் வைத்திருக்கும் மூல நிதியாகக் கொடுத்தால் அதுவும் வராது. கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணத்தையும் 2021 ஜனவரியில் இருந்து கார்பஸுக்குத் தர முடியாது. ஆகவே "எங்களுக்கு ஒரு நிரந்தர வைப்பு நிதி உருவாக்கித் தாருங்கள்" என்ற கோரிக்கை எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அவர்களால் ஏற்கக் கடினமானது. ஒரு வருடத் திட்டம், அதற்கான செலவு என்று கேட்டால் அவர்கள் ஆடிட்டருக்கும் பிரச்சினை இல்லை.

யாரிடம் கேட்பது என்பதில்தான் சின்ன அமைப்புகள் அதிகம் வீணாக்குகின்றன. ஒரே கடிதத்தை எல்லோருக்கும் அனுப்புவதில் பலன் இல்லை. டாடா டிரஸ்டுகள், அசிம் பிரேம்ஜி ஃபவுண்டேஷன் போன்றவை பெரிய அளவில் நிதி தருகின்றன, ஆனால் எந்தத் துறை, எந்த மாதிரி அமைப்பு என்பதை அவர்களின் இணையதளத்தில் படித்துவிட்டுப் பொருந்தினால் மட்டும் போங்கள். உங்கள் அளவுக்கு நான் முதலில் சொல்வது பக்கத்தில் இருக்கும் பணம். நிகர லாபம் 5 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவு. தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. மத்திய அரசின் தேசிய சி.எஸ்.ஆர். தளத்தில் எந்தக் கம்பெனி எந்த மாநிலத்தில், எந்த மாவட்டத்தில், எந்தத் துறைக்குச் செலவழித்தது என்று பார்க்கலாம், இலவசம்தான். உங்கள் மாவட்டத்திலும் பக்கத்து விழுப்புரம், கடலூர், சேலத்திலும் கல்விக்குச் செலவு செய்த கம்பெனிகளை ஒரு நாள் உட்கார்ந்து எழுதி எடுங்கள். ஏற்கெனவே உங்கள் பக்கம் வருபவர்கள் அவர்கள்தான். இதோடு உள்ளூர்க் குடும்ப டிரஸ்டுகள், ரோட்டரி, லயன்ஸ் சங்கங்கள். விளம்பரமே இல்லாமல் வருடாவருடம் கொடுத்துக்கொண்டிருக்கும் குடும்ப டிரஸ்டுகள் நம் ஊர்களில் நிறைய, உங்கள் ஆடிட்டரிடமே கேட்டால் இரண்டு பெயர் சொல்வார்.

சி.எஸ்.ஆர். வேண்டுமென்றால் 12ஏ, 80ஜி மட்டும் போதாது, கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவம் போட்டுப் பதிவு எண் வாங்க வேண்டும், மூன்று வருட அனுபவமும் காட்ட வேண்டும். உங்களுக்கு ஐந்து வருடம் இருப்பதால் கவலையில்லை. தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் பதிவு செய்து எண்ணும் வாங்கி வையுங்கள், பலர் கேட்பார்கள். 12ஏ, 80ஜி சான்றிதழ்களில் எந்த வருடம் வரை செல்லும் என்பதை இன்றே எடுத்துப் பாருங்கள், ஒருமுறை வாங்கினால் வாழ்நாள் முழுக்க என்ற காலம் 2021 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. தற்காலிகப் பதிவு என்றால் மூன்று வருடம்தான். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் மாறுகின்றன, படிவங்களில் எதை எழுதுவது என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். டிரஸ்ட் டீடில் (அறக்கட்டளைப் பத்திரத்தில்) கல்விப் பணி நோக்கமாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள், இல்லாவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் நின்றுவிடும். அறங்காவலர்கள் எல்லோரும் ஒரே குடும்பமா, மையம் நடப்பது உங்கள் சொந்த வீட்டிலா, அதற்கு டிரஸ்ட் வாடகை தருகிறதா? இதையெல்லாம் நீங்களே முதலில் வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது, அவர்கள் கண்டுபிடித்தால் விளக்கமே எடுபடாது.

சிங்கப்பூரில் இருக்கும் உறவினர் ஒருவர் உதவத் தயார் என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், தன் சொந்த வருமானத்தில் இருந்து வங்கி வழியாக அனுப்புகிறார் என்றால் வாங்கலாம், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்குவது குற்றம். அந்தப் பதிவுக்கு மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சமாவது பணிகளுக்குச் செலவழித்திருக்க வேண்டும், உங்களுக்கு இப்போது அது எட்டாது. பதிவு இருக்கும் பெரிய அமைப்பு வழியாக வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், 2020 திருத்தத்தோடு அந்த வழி அடைக்கப்பட்டுவிட்டது.

சரி, இப்போது கடிதம். முதலில் ஒரு பக்கம் போதும். பிரச்சினையைச் சொல்ல நாலு வரி, ஆனால் அந்த நாலு வரியில் உங்கள் பிள்ளைகளின் நிலை எண்ணிக்கையாக வர வேண்டும். வாசிப்புத் திறனைச் சோதிக்க பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் ஏசர் என்ற வாசிப்புச் சோதனைக் கருவி தமிழிலேயே கிடைக்கிறது: எழுத்து, சொல், முதல் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை, அவ்வளவுதான். ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம். 60 பேரையும் இந்த வாரமே சோதித்து எத்தனை பேர் கதை வரை வாசிக்கிறார்கள், எத்தனை பேர் எழுத்திலேயே நிற்கிறார்கள் என்று எழுதுங்கள். இது கையில் இருந்தால் "ஒரு வருடத்தில் இத்தனை பேரைக் கதை வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவருவோம்" என்று வாக்குக் கொடுக்க முடியும், வருட முடிவில் அதே கருவியால் சோதித்துக் காட்டவும் முடியும். பிள்ளைகளின் எதிர்காலம் ஒளிபெறும் என்ற வரியை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்.

இன்னொரு கேள்வி நிச்சயம் வரும்: அரசே இல்லம் தேடிக் கல்வி என்ற தன்னார்வலர் மாலை வகுப்பை 2021-இல் தொடங்கியது, ஒன்று முதல் மூன்று வகுப்புக்கு எண்ணும் எழுத்தும் என்ற அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டம் வந்தது, அப்புறம் நீங்கள் எதற்கு? உங்கள் கடிதத்தில் இதற்குப் பதிலே இல்லை. உங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் ஆறாம் வகுப்புக்கு மேல், வாசிக்கத் தெரியாமலே மேலே வந்துவிட்டவர்கள் என்று மின்னஞ்சலில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அதுதான் உங்கள் விண்ணப்பத்தின் உயிர், முதல் பத்தியில் வர வேண்டியது. தலைமை ஆசிரியரிடம் பேசி ஒரு கடிதம் வாங்கி இணைத்தால் இன்னும் பலம். குழந்தைகளோடு வேலை செய்வதால் குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை ஒன்றும் எழுத்தில் வேண்டும். இணையத்தில் இருந்து நகலெடுத்துப் போடாமல், உங்கள் மையத்தில் புகார் வந்தால் யாரிடம் சொல்வது, போக்சோ சட்டப்படி என்ன செய்வது என்று ஆசிரியர்களோடு உட்கார்ந்து எழுதுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் இது வேண்டும்.

அனுப்பும் காலமும் முக்கியம். கம்பெனிகள் ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்குத் திட்டம் போடுவதால் டிசம்பர், ஜனவரியிலேயே பேச்சைத் தொடங்கிவிட வேண்டும். முதலில் போனில் பேசி யாருக்கு அனுப்புவது என்று கேளுங்கள், அனுப்பி இரண்டு வாரம் கழித்து ஒருமுறை விசாரியுங்கள், மையத்துக்கு வந்து பார்க்கும்படி அழையுங்கள். மறுத்தால் காரணத்தைப் பணிவாகக் கேளுங்கள், சிலர் சொல்வார்கள், அடுத்த வருடம் அவர்களிடமே போகலாம்.

"சி.எஸ்.ஆர். ஃபண்டு வாங்கித் தருகிறோம்" என்று ஆட்கள் வருவார்கள். முன்பணம் கேட்பார்கள், இல்லாவிட்டால் வந்த பணத்தில் இத்தனை சதவீதத்தை ரொக்கமாகத் திருப்பித் தரச் சொல்வார்கள். அந்த ரொக்கத்துக்கு நீங்கள் பொய் பில் போட வேண்டியிருக்கும், அதற்குப் பிறகு டிரஸ்டின் பதிவு போகலாம், வழக்கு வரலாம், ஐந்து வருடமாக ஊர் உங்கள் மேல் வைத்த நம்பிக்கை போகும். எவ்வளவு நெருக்கடி இருந்தாலும் வேண்டாம்.

பணம் வந்த பிறகு அந்தத் திட்டத்துக்குத் தனி லெட்ஜர் வையுங்கள், முடிந்தால் தனி வங்கிக் கணக்கு. பெரும்பாலும் தவணையாகத்தான் தருவார்கள், முதல் தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்தது வரும். ஒரு தலைப்பில் மீந்ததை இன்னொன்றுக்கு மாற்ற வேண்டுமென்றால் செலவழிப்பதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள்.

ஆங்கிலம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உள்ளூர் டிரஸ்டுகளுக்கும் சங்கங்களுக்கும் தமிழிலேயே எழுதலாம், தாராளமாக. கம்பெனிகளுக்கும் வெளிமாநில அமைப்புகளுக்கும் ஆங்கிலம் வேண்டும், ஆனால் அலங்கார ஆங்கிலம் வேண்டாம். முதலில் தமிழில் முழுதாக எழுதி முடியுங்கள், பிறகு பக்கத்துக் கல்லூரியில் ஒரு ஆசிரியரிடம் கொடுத்து எளிமையாக மாற்றித் தரச் சொல்லுங்கள், மாற்றியதில் தொகைகளும் எண்ணிக்கையும் மூலத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று நீங்களே ஒருமுறை சரிபாருங்கள். பட்ஜெட்டும் வாசிப்புச் சோதனை முடிவும் தயாரானதும் எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்.