கையடக்க ரத்தப் பரிசோதனை: வடசென்னைக் கேள்விகளுக்குப் பதில்கள்

ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப் என்ற சிறு பட்டையில் விட்டு நோயைக் கண்டுபிடிக்கும் ரேபிட் கிட் வடிவமைப்பு என் பிழைப்பு. நம்ம ஏரியாக்காரர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணா, இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு மலேரியா ஸ்ட்ரிப் செய்யப்போகிறோம். எங்கே தொடங்குவது? (மாணவி, வியாசர்பாடி)

எந்த மலேரியா என்பதில் தொடங்கும்மா. கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் முட்டையிடும் அனாபிலஸ் ஸ்டீபன்சி கொசு சென்னையில் பரப்புவது பெரும்பாலும் வைவாக்ஸ் வகை மலேரியா. ஆனால் பல ஸ்ட்ரிப்புகள், ஃபால்சிபாரம் என்ற இன்னொரு வகை மலேரியாக் கிருமியின் எச்ஆர்பி2 என்ற புரதத்தைத்தான் தேடும். வைவாக்ஸ் கிருமியிடம் அந்தப் புரதமே கிடையாது. அப்படிப்பட்ட ஸ்ட்ரிப்பை இங்கே கொண்டுவந்தால், குளிரில் நடுங்கிக்கொண்டு வந்தவரிடம் 'மலேரியா இல்லை' என்று சொல்லி அனுப்பிவிடும். வைவாக்ஸின் எல்டிஹெச் என்சைமைப் ஒட்டிப் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற புரதம், உங்கள் ஸ்ட்ரிப்பில் ரிசல்ட் காட்டும் கோட்டில் கட்டாயம் இருக்கணும். இன்னொரு லாபமும் உண்டு: ஃபால்சிபாரம் குணமான பிறகும் எச்ஆர்பி2 வாரக்கணக்கில் ரத்தத்தில் தங்கும், எல்டிஹெச் கிருமியோடு சீக்கிரம் போய்விடும். மருந்து வேலை செய்ததா என்று பார்க்க அதுதான் தோது.

ஸ்ட்ரிப்பை வெட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் காய்ச்சல் ஓ.பி.யில் போய் நின்று பாருங்கள்.

கண்ட்ரோல் கோடு விழுந்தால் ரிசல்ட்டை நம்பலாம்தானே? (நர்ஸ், காசிமேடு)

அதை மட்டும் வைத்து நம்பாதீங்க அக்கா. திரவம் ஸ்ட்ரிப்பின் கடைசி வரை ஓடியது, நிறம் தரும் தங்கத் துகள்கள் கூடவே வந்தன என்பதற்கு மட்டும்தான் அந்தக் கோடு சாட்சி. போதுமான ரத்தம் விழுந்ததா என்று அதற்குத் தெரியாது. காலாவதியாகப்போகும் ஒரு கிட்டில் ரத்தம் இல்லாமல், கூட வரும் பஃபர் திரவத்தை மட்டும் விட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கோடு வரும்!

உங்கள் பக்கத்துக் கடற்காற்றின் ஈரம்தான் பெரிய எதிரி. நோயாளி உட்கார்ந்து, விரலைத் துடைத்த பிறகே உறையைக் கிழியுங்கள். காலையிலேயே பத்து உறையைக் கிழித்து அடுக்கிவைக்கும் பழக்கம் வேண்டாம். உள்ளே இருக்கும் சிலிக்கா பொட்டலம் நிறம் மாறும் வகையாக இருந்து, மாறியும் இருந்தால், அந்தக் கிட்டைத் தூக்கிப்போடுங்கள். கிட்டோடு வரும் தாளில் போட்ட நேரத்துக்குள் ரிசல்ட்டைப் படித்துவிடணும். விட்டால், ஸ்ட்ரிப் காயும்போது சாம்பல் நிறத்தில் பொய்க்கோடு தெரியலாம்.

பெட்டியில் 95 சதவீதம் துல்லியம் என்று போட்டிருக்கு. தெரு முழுக்க முகாம் போடலாமா சார்? (மருந்துக் கடைக்காரர், தண்டையார்பேட்டை)

கணக்குப் போட்டுவிட்டு முடிவு பண்ணுங்க. நோய் உள்ளவரைப் பிடிப்பதிலும் 95, இல்லாதவரை விடுவிப்பதிலும் 95 என்றே வைப்போம். 1000 பேரில் 10 பேருக்குத்தான் நோய். அதில் ஒன்பது பத்துப் பேர் சிக்குவார்கள். மீதி 990 பேரில் ஏறக்குறைய 50 பேருக்கும் பாசிட்டிவ் காட்டும். ஆக, பாசிட்டிவ் வந்த 60 பேரில் 50 பேருக்கு ஒன்றுமில்லை! அதே கிட்டை, 1000 பேரில் 300 பேருக்கு நோய் உள்ள காய்ச்சல் கிளினிக்கில் வைத்தால் 285 பேர் சரியாகச் சிக்குவார்கள், 35 பேர்தான் வீணாகப் பயப்படுவார்கள். கிட் அதேதான், இடம்தான் வேறு. பாசிட்டிவ் வந்தவரை உறுதி செய்ய எங்கே அனுப்புவீர்கள் என்று முடிவாகாமல் முகாம் போடாதீங்க.

கரண்ட் இல்லாமல் ரத்தத்தைப் பிரிக்க முடியுமா? (திருவொற்றியூர்)

முடியும். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு 2017இல் காட்டிய பேப்பர்ஃபியூஜ், நூலில் கோத்த காகிதத் தட்டுதான். இரண்டு கையாலும் இழுத்து விட்டால் நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை போகும். ஒன்றரை நிமிடத்தில், ரத்த அணுக்கள் நீங்கிய திரவமான பிளாஸ்மா பிரியும். எனக்குப் பிடித்த கருவி. ஆனால் ஸ்ட்ரிப் பரிசோதனைக்கு அது தேவைப்படாது. ரத்த அணுக்களை வடிகட்டும் பட்டையை ஸ்ட்ரிப்பின் முனையிலேயே ஒட்டிவிடலாம். இரண்டு கையும் காலியாக இருக்கும் நர்ஸை நான் எந்த ஓ.பி.யிலும் பார்த்ததில்லை.

டெங்கு முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். எப்படி? (எண்ணூர்)

காய்ச்சலின் முதல் ஐந்து நாள் வாக்கில், வைரஸின் புரதமான என்எஸ்1ஐத் தேடணும். அதற்குப் பிறகு, நம் உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியான ஐஜிஎம். நாளுக்கேற்ற பரிசோதனை செய்யாவிட்டால் இப்படித்தான் ஆகும். காய்ச்சல் தொடங்கிய தேதியை எழுத ஸ்ட்ரிப்பை வைக்கும் பிளாஸ்டிக் கூடான கேசட் ஒவ்வொன்றிலும் இடம் விடணும் என்பேன்.

கிட் ரெடி. எங்கள் தெருக்காரர்களிடம் முயன்று பார்க்கலாமா? (ராயபுரம்)

கூடாது தம்பி. நெறிமுறைக் குழுவின் அனுமதி, ஒவ்வொருவரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இரண்டும் முதலில். விற்பனை என்றால் 2017ஆம் ஆண்டு மருத்துவச் சாதன விதிகளின்படி உரிமமும் வேண்டும். விரல் குத்திய லான்செட்டைப் போட, ஊசி துளைக்காத வெள்ளை டப்பா உங்கள் கிட்டோடு வருகிறதா?