பழைய பத்திரம் பேசும்: வாசகர் கேள்வி பதில்

ஸ்காட்லாந்தின் நிலக்கிழார் குடும்பங்கள் விட்டுச்சென்ற கடன் பத்திரங்கள், வழக்குக் கட்டுகள் பற்றி வந்த கேள்விகளில் சில இந்த இதழில்.

எடின்பரோவில் படிக்கும் மாணவி: நான் ஆராயும் குடும்பத்தின் பெயர் 1680களின் பத்திரப் பதிவேட்டு அட்டவணையில் ஏராளமான இடங்களில் வருகிறது. எல்லாமே கடன் பத்திரங்கள். குடும்பம் திவாலாகிக்கொண்டிருந்தது என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். அந்தக் காலத்து ஸ்காட்லாந்தில் காசுப் புழக்கம் குறைவு. வங்கி என்று ஒன்று வந்ததே 1695இல்தான். பெண்ணுக்குச் சீர் செய்ய, பையனை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்ப, வீட்டுக்குக் கூரை மாற்ற, எல்லாவற்றுக்கும் பக்கத்து நிலக்கிழாரிடமோ எடின்பரோ வணிகரிடமோ பத்திரம் எழுதிக் கொடுத்துத்தான் பணம் வாங்கினார்கள். கையில் மிச்சம் இருந்தவர் அதே மாதிரி கடன் கொடுத்து வட்டி வாங்கினார். ஒரே ஆள் ஒரே வருடத்தில் கடனாளியாகவும் கடன்காரராகவும், அதாவது கடன் கொடுத்தவராகவும், இருப்பது சர்வ சாதாரணம்.

பத்திரத்தின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் குழப்பம் தீரும். முதலில் வாங்கியவர் பெயர், தொகை. பிறகு திருப்பித் தரும் தவணை: பெரும்பாலும் விட்சண்டே, அதாவது மே 15, அல்லது மார்ட்டின்மஸ், நவம்பர் 11. தவறினால் அசலில் ஐந்தில் ஒரு பங்கு அபராதம் என்று பல பத்திரங்களில் வரும். அடுத்து வட்டி. கூடவே கையெழுத்துப் போட்ட ஜாமீன்தாரர்கள். கடைசியில்தான் விஷயமே இருக்கிறது: இந்தப் பத்திரத்தை நீதிமன்றப் புத்தகத்தில் பதிய நான் இப்போதே சம்மதிக்கிறேன் என்ற வாசகம். பதிந்துவிட்டால் அது டிக்ரிக்கு, அதாவது நீதிமன்றத் தீர்ப்புக்கு, சமம். வழக்குப் போட்டு வாதாட வேண்டியதில்லை, நேரே வசூல் நடவடிக்கைக்குப் போகலாம். சிலர் பத்திரம் தொலையாமல் இருக்கட்டும் என்று பதிந்தார்கள், சிலர் வசூலுக்காகப் பதிந்தார்கள். பதிவைப் பார்த்து மட்டும் எது என்று சொல்ல முடியாது.

பதியாமல் குடும்பப் பெட்டியிலேயே கிடந்து கையெழுத்துப் பகுதி கிழிக்கப்பட்ட பத்திரத்தைக் கண்டால் சேதம் என்று நினைத்துவிட வேண்டாம். பணம் தீர்ந்தது என்பதற்கு அது அடையாளம்.

இன்னொன்று: ஜாமீன்தாரர் பெயர்களை விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். மாமன், மைத்துனன், பங்காளி என்று ஒருவருக்கொருவர் ஜாமீன் போட்டிருப்பார்கள். ஒரு குடும்பம் சாய்ந்தால் நாலு குடும்பம் ஏன் சேர்ந்து சாய்ந்தது என்பதற்கு விடை பெரும்பாலும் அந்த வரியில்தான்.

மதுரை வாசகர்: அப்படியானால் நிலைமை கைமீறியது என்று எந்தக் காகிதத்தைப் பார்த்துச் சொல்வது?

நடவடிக்கை எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு படிக்கும் தனிப் பதிவேடு உண்டு.

முதல் படி ஹார்னிங். கடன்காரர் அரசர் பெயரில் ஒரு ஆணை வாங்குவார். கோர்ட் சேவகர் கடனாளியிடம் போய், பத்திரப்படி பெரும்பாலும் ஆறு நாளுக்குள், பணத்தைக் கட்டு என்பார். கட்டவில்லை என்றால் சந்தைச் சிலுவைத் தூணடியில் நின்று மூன்று முறை கூவி, மூன்று முறை கொம்பு ஊதி, கடனாளியை ராஜ துரோகி என்று அறிவிப்பார். ஆணையின் நகலைத் தூணில் ஒட்டுவார். 1579ஆம் ஆண்டுச் சட்டப்படி இதை 15 நாளுக்குள் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஆள் ஸ்காட்லாந்துக்கு வெளியே இருந்தால் எடின்பரோ சிலுவையிலும் லீத் துறைமுகக் கரையிலும் அறிவித்து 60 நாள் அவகாசம் தருவார்கள். பதிவில் லீத் கரை என்று வந்தால், கடனாளி அப்போது நாட்டில் இல்லை என்பது உங்களுக்குக் கூடுதலாகக் கிடைத்த தகவல்.

ராஜ துரோகி என்ற சொல்லைப் பார்த்துக் கலவரத்தில் ஈடுபட்டவர் என்று எழுதியவர்கள் உண்டு. பாக்கி வைத்திருந்தார், அவ்வளவுதான். ஆனால் விளைவு சிறியதல்ல. 1740களின் பிற்பகுதி வரை, அப்படி அறிவிக்கப்பட்டவரின் அசையும் சொத்து அரசுக்குப் போகும். அடுத்த ஆணையில் சிறை.

இரண்டாவது, இன்ஹிபிஷன். நிலத்தை விற்கவோ புதிதாக அடமானம் வைக்கவோ கூடாது என்ற தடை. நிலம் கைமாறாது, ஆனால் வில்லங்கம் ஏறிவிடும். வாங்க வருபவர் பதிவேட்டைப் பார்த்துவிட்டுப் பின்வாங்குவார்.

மூன்றாவது, நிலத்தின் மீதே கை வைப்பது. 1672 வரை இதற்கு அப்ரைசிங் என்று பெயர், பிறகு அட்ஜுடிகேஷன். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அட்ஜுடிகேஷன் டிக்ரியைக் கண்டதும் நிலம் போய்விட்டது என்று எழுதிவிடுகிறார்கள். பொதுவான அட்ஜுடிகேஷனில் கடனைக் கட்டி நிலத்தை மீட்க 10 வருடக் கெடு உண்டு. ஒருவர் இந்த டிக்ரியை வாங்கினால் மற்ற கடன்காரர்களும் ஓடிவந்து வாங்குவார்கள். ஏனென்றால் முதலாவதிலிருந்து ஒரு வருடம் ஒரு நாளுக்குள் வாங்கியவர்களுக்கெல்லாம் 1661ஆம் ஆண்டுச் சட்டம் சம உரிமை கொடுத்தது. ஒரே பண்ணையின் மீது பத்துப் பன்னிரண்டு டிக்ரி வரிசையாக இருந்தால் பத்துப் பன்னிரண்டு பேர் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை. பந்தியில் இடம் பிடித்தார்கள்.

உண்மையிலேயே முடிவு என்பது 1681ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த கோர்ட் ஏலம். ஸ்காட்லாந்தின் உயர் சிவில் நீதிமன்றமான கோர்ட் ஆஃப் செஷன் கடன்காரர்களை வரிசைப்படுத்தி, பண்ணையை விற்று, பணத்தைப் பங்கிடும். அந்த வழக்குக் கட்டு கிடைத்தால் விடவே விடாதீர்கள். விலை நிர்ணயிக்கப் பண்ணையின் வருமானத்தை நிரூபிக்க வேண்டும் என்பதால் குடியானவர்களைக் கூப்பிட்டுச் சத்தியம் வாங்கி, யார் எந்த நிலத்துக்கு எவ்வளவு பணம், எவ்வளவு தானியம், எத்தனை கோழி கொடுத்தார் என்று எழுதி வைத்திருப்பார்கள். நிலக்கிழாரின் சரித்திரம் தேடப் போய்க் குடியானவர்களின் பெயர்ப் பட்டியல் கிடைப்பது இங்கேதான்.

கோயம்புத்தூர் வாசகர்: வாட்செட் என்பது அடமானமா, விற்பனையா?

நம் ஊர் ஒத்திதான் அது. கடன் கொடுத்தவர் நிலத்தை எடுத்து அனுபவிப்பார், வருமானமே வட்டி. அசலைக் கொடுத்தால் நிலம் திரும்பும். பார்வைக்கு விற்பனைப் பத்திரம் போலவே இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். மீட்கும் உரிமையைச் சொல்லும் வாசகம் உள்ளேயே இருக்கலாம், தனிக் காகிதமாகவும் இருக்கலாம். தனிக் காகிதம் தொலைந்திருந்தால் நில உரிமை மாற்றங்களைப் பதிய 1617ஆம் ஆண்டுச் சட்டம் தொடங்கிய சேசின் பதிவேட்டில் தேடுங்கள், மீட்பு உரிமையையும் அதே பதிவேட்டில் பதியச் சொன்னது அந்தச் சட்டம். இரண்டு வகை உண்டு. ஒன்றில் விளைச்சல் கூடினாலும் குறைந்தாலும் கடன் கொடுத்தவர் பாடு. இன்னொன்றில் வட்டிக்கு மேல் வந்த வருமானத்துக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும். மலைநாட்டுத் தலைவர்கள் தம் பங்காளிகளுக்கே நிலத்தை இப்படி விட்டிருப்பார்கள். தலைமுறை கடந்து அவர்கள் அதே ஊர்ப்பெயரால் அறியப்படுவதால் சொந்த நிலம் என்று தோன்றும்.

ஈரோடு வாசகர்: உயிலில் கடன் பட்டியல் இருக்கிறது, நிலமே இல்லை. நிலமற்றவரா?

1868 வரை ஸ்காட்லாந்தில் நிலத்தை உயிலில் எழுத முடியாது. அந்த ஆவணங்கள் அசையும் சொத்துக்கு மட்டும்: மாடு, தானியம், பாத்திரம், வர வேண்டிய கடன், தர வேண்டிய கடன். நிலம் மூத்த மகனுக்குத் தனி வழியில், வாரிசு விசாரணை மூலம் போகும். நிலத்தின் மீது ஏற்றிய கடனும் அவர் தலையில்தான், ஆகவே அதுவும் உயில் பட்டியலில் வராமல் போகலாம்.

அந்த மகன் யோசிக்க ஒரு வருடம் உண்டு. அதற்குள் ஒரு குத்தகைப் பணம் வாங்கினாலும் வாரிசாக நடந்துகொண்டார் என்று சொல்லி அப்பாவின் முழுக் கடனையும் தலையில் கட்டிவிடலாம். 1695ஆம் ஆண்டுச் சட்டம், சொத்துப் பட்டியல் கொடுத்து அந்த மதிப்பு அளவுக்கு மட்டும் பொறுப்பேற்க வழி விட்டது. அப்பா இறந்து பல வருடம் மகன் வாரிசாகப் பதியவில்லை என்றால் சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம், கடனுக்குப் பயந்திருப்பார்.

திருநெல்வேலி வாசகர்: கடனை ஆயுதமாக்கி நிலத்தைப் பிடுங்கியது உண்டா?

உண்டு, பேர்போன கதை. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள மல் தீவின் டூவர்ட் கோட்டை மக்லீன் குலத்தார் பலரிடம் கடன்பட்டிருந்தார்கள். பக்கத்து ஆர்கைல் காம்ப்பெல் குலத்தார் அந்தக் கடன்களை 1650கள் முதல் விலைக்கு வாங்கத் தொடங்கினார்கள். கடன் பத்திரத்தை இன்னொருவருக்கு மாற்றி எழுதலாம், கடனாளியின் சம்மதம் தேவையில்லை. சிதறிக் கிடந்த கடன்கள் ஒரே கையில், அதுவும் பக்கத்து எதிரியின் கையில் சேர்ந்தால் என்ன ஆகும்? காம்ப்பெல்களின் தலைவரான ஒன்பதாம் ஆர்கைல் பிரபு நிலத்தின் மீது டிக்ரி வாங்கினார். மக்லீன்கள் விடவில்லை. கோர்ட் ஆணையை மதிக்காதவர்கள் என்ற பெயரில் பிரபுவுக்கு ஆயுத பலத்துடன் நிறைவேற்றும் அதிகாரம் கிடைத்தது. 1674இல் மல் தீவில் படை இறங்கியது. டூவர்ட் கோட்டை கடைசியாகப் பணிந்தது 1691இல். போரை மட்டும் படிப்பவர்களுக்கு இது குலப்பகை. பத்திர மாற்றங்களை வரிசைப்படுத்திப் பார்ப்பவர்களுக்கு, படை இறங்கும் முன்பே காரியம் பாதி முடிந்திருந்தது தெரியும்.

நடைமுறைக்கு: ஒரு கடன் பத்திரத்தைக் கண்டால் அதில் உள்ள கடன்காரர் பெயரோடு நிறுத்தாதீர்கள். பின்னால் அது யார் யார் கைக்குப் போனது என்று மாற்றுப் பத்திரங்களைத் தேடுங்கள்.

கண்டி வாசகர்: இலங்கை ஆளுநராக இருந்த ஸ்டூவர்ட் மெக்கன்சியும் கடன்பட்ட ஸ்காட்லாந்துக் குடும்பமா?

மனைவி வழியில். மனைவி மேரியின் தந்தை சீஃபோர்த் பிரபு பார்படோஸ் ஆளுநராக இருந்தவர், தென்னமெரிக்கக் கரையில் தோட்டம் வைத்துக் கடனில் மூழ்கியவர். அவருடைய லொகால்ஷ் நிலம் 1801இல் விற்கப்பட்டது. 1815இல் அவர் இறந்தபோது மகன் ஒருவரும் மிஞ்சவில்லை. மூத்த மகள் மேரி அப்போதுதான் கணவர் அட்மிரல் சாமுவேல் ஹூட்டை இழந்திருந்தார், அவர் 1814 டிசம்பரில் சென்னையில் இறந்தார். மேரி 1817இல் மணந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் மெக்கன்சி, 1837 முதல் 1841 வரை இலங்கை ஆளுநர். அவர் 1843இல் இறக்க, மறுவருடம் குடும்பத்தின் லூயிஸ் தீவு 190,000 பவுண்டுக்கு ஜேம்ஸ் மாத்சனுக்கு விற்கப்பட்டது. மாத்சன் சீனாவில் அபின் வணிகத்தில் சேர்த்த பணம் அது. குடும்பக் காகிதங்கள் எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் ஜிடி46 என்ற எண்ணில் உள்ளன. பண்ணைக் கணக்கும் இலங்கைக் கடிதங்களும் ஒரே தொகுப்பில் இருப்பது உங்களுக்கு வசதி.

சென்னை வாசகி: எங்கிருந்து தொடங்குவது? தொகை, தேதி எல்லாம் குழப்பமாக இருக்கிறது.

ஆளின் பெயரைவிடப் பண்ணையின் பெயரும் மாவட்டமும் முக்கியம். ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள், பண்ணைப் பெயர்தான் பிரித்துக் காட்டும். பெண்கள் மணமான பிறகும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே பதிவாகியிருப்பார்கள்.

சேசின் பதிவேட்டில் தொடங்குங்கள். 1781க்குப் பிறகு மாவட்ட வாரியாகச் சுருக்கங்கள் உண்டு, ஒரு நாளில் நூறு வருடம் ஓட்டிவிடலாம். அதற்கு முன் என்றால் பொதுப் பதிவேடு, மாவட்டப் பதிவேடு இரண்டையும் பாருங்கள், எதில் வேண்டுமானாலும் பதிந்திருக்கலாம். அடுத்து பத்திரப் பதிவேடு. 1554இல் தொடங்குகிறது. 1661 முதல் 1696 வரை அச்சிட்ட அட்டவணை உண்டு. 1770க்குப் பிறகு வருடாந்திர அட்டவணை, ஆனால் எழுதிக் கொடுத்தவர் பெயரில் மட்டும், ஆகவே கடன் கொடுத்தவரைத் தேடினால் கிடைக்காது. நடுவில் பல வருடங்களுக்குத் தேதி வாரியான குறிப்பேட்டைப் புரட்டுவது தவிர வழியில்லை. கோர்ட் ஆஃப் செஷன் பதிவேட்டில் இல்லையென்றால் முடிவு கட்டிவிடாதீர்கள், உள்ளூர் ஷெரிஃப் கோர்ட்டிலும் பதிந்திருக்கலாம். குடும்பத்தின் கையிலேயே இன்னும் இருக்கும் பெட்டிகளை, இன்வரேரி கோட்டையில் உள்ள ஆர்கைல் காகிதங்களைப் போல, அங்கேயே அனுமதி பெற்றுப் பார்க்க வேண்டும்.

தொகைக்கு வருவோம். 17ஆம் நூற்றாண்டில் 12 ஸ்காட்ஸ் பவுண்டு ஒரு ஸ்டெர்லிங் பவுண்டு. மெர்க் என்பது 13 ஷில்லிங் 4 பென்ஸ் ஸ்காட்ஸ். மெர்க் தொகையை 18ஆல் வகுத்தால் ஸ்டெர்லிங் வந்துவிடும்: 10,000 மெர்க் சுமார் 555 பவுண்டு. இதைச் செய்யாமல் கடன் மலையளவு என்று எழுதிய கட்டுரைகள் உண்டு. வட்டியின் சட்ட உச்சவரம்பு 1587இல் 10 சதவீதம், 1714இல் 5. அதற்கு மேல் கணக்கு வந்தால் அபராதத்தையும் செலவையும் அசலோடு சேர்த்துவிட்டீர்களா என்று பாருங்கள்.

தேதி: 1599 வரை ஸ்காட்லாந்தில் புத்தாண்டு மார்ச் 25. பத்திரத்தில் 1598 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் 1599. 1600 முதல் ஜனவரி 1. இங்கிலாந்து 1752 வரை மாறவில்லை, ஆகவே லண்டனில் எழுதிய கடிதத்தைப் பக்கத்தில் வைக்கும்போது ஒரு வருடம் இடிக்கும்.

சேலம் வாசகர்: இவ்வளவு கடன் இருந்தும் சில பண்ணைகள் கைமாறவே இல்லையே?

என்டெயில். விற்கக் கூடாது, கடன் ஏற்றக் கூடாது, மீறினால் உரிமை போகும் என்று வாரிசுகளைக் கட்டிப்போடும் ஏற்பாடு, 1685ஆம் ஆண்டுச் சட்டப்படி. தனிப் பதிவேட்டில் ஏற்றாவிட்டால் கடன்காரரைக் கட்டுப்படுத்தாது, ஆகவே பதிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1770இல் நில மேம்பாட்டுக்குச் செலவழித்ததில் முக்கால் பங்கை அடுத்த வாரிசின் மீது ஏற்ற அனுமதித்தார்கள். அதற்காக ஷெரிஃப் கோர்ட்டில் கொடுத்த செலவுக் கணக்குகள் உண்டு: வேலி, வடிகால், பண்ணை வீடு என்று இனம்வாரியாக. கட்டிய வீட்டின் வருடம் தெரிய வேண்டுமென்றால் அதைத் தேடுங்கள்.