ஏரிக்கரை, பூங்கா மாதிரி ஓர் இடத்துக்கென்றே சிற்பம் செய்வது எப்படி? ஸ்டுடியோவில் செய்து கொண்டுபோய் வைத்தால் ஆகாதா?

தாராளமாக வைக்கலாம். ரவுண்டானாக்களில் நிற்கும் ஃபைபர் டால்பின்கள் அப்படி வந்தவைதான். நீங்கள் ஆர்க்கிடெக்சர் மாணவர், கல்லூரி பிராஜெக்ட்டுக்காகக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஏரியில் கருங்கல் வேலை செய்தேன். கரைமேல் நீரூற்றும் அன்னப்பறவையும் வேண்டும் என்றார்கள். மண்கரையில் அஸ்திவாரம் பறித்தால் நாளைக்கு அந்த இடத்தில்தான் தண்ணீர் கசியும். அதனால் ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வெளியேறும் கலங்கலுக்குப் பக்கத்தில், வழியும் தண்ணீருக்குக் குறுக்கே வராமல், உள்வாயில், அதாவது ஏரியின் உட்பக்கத் தரையில், பாறை தெரியும் இடமாகப் பார்த்தோம். கோடையில் பாறையில் துளை போட்டு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி இறக்கி, வெவ்வேறு உயரத்தில் கற்களை நிறுத்தினோம். ஐப்பசியில் ஏரி ஏற ஏறக் குட்டைக் கல் முதலில் முழுகும். கலங்கல் வழியும்போது நெட்டைக் கல்லின் தலை மட்டும் வெளியே இருக்கும். தண்ணீர் எந்த மாதம் எதுவரை வரும் என்று காட்டியவர் மதகு திறக்கும் பெரியவர். உயரம் அளக்கும் லெவல் மிஷின் அப்புறம்தான் வந்தது.

கல் நட்டதெல்லாம் சிற்பமா என்று கமென்ட்டில் வருவீர்கள், தெரியும். ராபர்ட் ஸ்மித்சன் என்ற அமெரிக்கச் சிற்பி 1970இல் அமெரிக்காவின் யூட்டா உப்பு ஏரியில் பாறையும் மண்ணும் கொட்டி 1,500 அடி நீளத்தில் சுருள் போட்டார். சில வருடங்களில் அது முழுகி, 2002 வாக்கில் உப்புப் பூத்து வெளியே வந்தது. அவரோடு என்னை ஒப்பிடவில்லை, அடிக்க வராதீர்கள்.

இன்னொரு அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ராவின் கதையையும் படியுங்கள். 1981இல் நியூயார்க்கில் அரசு அலுவலகச் சதுக்கத்தின் குறுக்கே 120 அடி நீளம், 12 அடி உயரத்துக்கு இரும்புச் சுவர் எழுப்பினார். அங்கே வேலை செய்தவர்களில் பலர் எதிர்த்தார்கள். 1989இல் அறுத்து எடுத்துவிட்டார்கள். இடத்தைவிட்டு எடுத்தால் படைப்பே அழிந்தது என்று அவர் வாதாடினார். நியாயம்தான். தினமும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தவர்களுக்கும் நியாயம் இருந்தது. எங்கள் ஏரியில் பெண்கள் ஒரு கல்லின் முகத்தைத் தட்டையாகக் கேட்டார்கள், கொத்திக் கொடுத்தோம். துணி துவைக்கிறார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். எஸ்டிமேட்டில் என் வேலையைக் 'கருங்கல் வேலை, கன மீட்டருக்கு' என்று போட்டார்கள். கொத்தக் கொத்தக் கல் குறையுமா? வேலையை அளந்து பதியும் எம்-புக்கில் பணமும் குறைந்தது. உளியே படாத கல்லுக்குத்தான் முழுக் காசு! என்னோடு வந்த மாமல்லபுரத்து ஆட்களுக்குக் கூலியைக் கைக்காசிலிருந்து கொடுத்தேன். கல்வெட்டில் திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர் எல்லார் பெயரும் இருக்கிறது. கொத்தியவன் ஒருவன் பெயரும் இல்லை.

அனுமதிக்கு: 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாயும் நிலம்) உள்ள ஏரி என்றால் பெரும்பாலும் நீர்வளத்துறை, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். மனு எழுதுவதற்கு முன் அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.