வாசகர் கேள்வி–பதில்: கோப்ரா நகலுக்குக் கையால் ஒரு டேஷ்போர்டு

கரோல் ஷெல்பி, இங்கிலாந்தின் ஏ.சி. கார்ஸ் தயாரித்த எடை குறைந்த காரில் ஃபோர்டு வி-8 என்ஜினை ஏற்றி 1962-இல் கொண்டுவந்ததுதான் கோப்ரா. இன்றைக்கும் உலகெங்கும் பட்டறைகளிலும் வீட்டு கராஜ்களிலும் அதன் நகல்கள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. சேஸிஸ், ஃபைபர்கிளாஸ் பாடி எல்லாம் கிட்டாகவே கிடைக்கும். டேஷ்போர்டை மட்டும் பலரும் தங்கள் கையால் செய்யவே விரும்புகிறார்கள். இந்த இதழில் அது பற்றிய கேள்விகள்.

கோப்ரா 427 நகல் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். டேஷ்போர்டுக்கு எந்தத் தகடு நல்லது? மீட்டர் ஓட்டைகளை எப்படிக் குறித்து வெட்டுவது?
– வாசகர், மெல்போர்ன்

தகடு வாங்கும் முன் மீட்டர்களை வாங்கிவிடுங்கள். மீட்டர் வந்து சேரும் முன்பே ஓட்டை போட்டுவிடுவதுதான் தகடு வீணாவதற்கு முதல் காரணம். சின்ன மீட்டர் என்றால் 2 1/16 அங்குலம், அதாவது 52.4 மி.மீ. பெரிய மீட்டரில்தான் குழப்பம் வரும், கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். ஸ்டூவர்ட் வார்னர் பாணியில் வருவது 3 3/8 அங்குலம், ஏறக்குறைய 86 மி.மீ. ஸ்மித்ஸ் பாணியில் 4 அங்குலம். வி.டி.ஓ.வில் 80 மி.மீ.யும் உண்டு, 100 மி.மீ.யும் உண்டு. ஒவ்வொரு மீட்டரின் உடம்பையும் முன்னால் இருக்கும் பெசல் வளையத்தையும் வெர்னியரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இந்த இரண்டு அளவுக்கும் இடையில் உள்ள வித்தியாசம்தான் வெட்டும்போது உங்களுக்குக் கிடைக்கும் சலுகை. பெரும்பாலும் அது பக்கத்துக்கு 3 மி.மீ.யைத் தாண்டாது.

அடுத்து 3 மி.மீ. ஹார்டுபோர்டில் டேஷின் மாதிரி ஒன்றை வெட்டிக் காரில் பொருத்துங்கள். சீட்டும் ஸ்டியரிங்கும் கடைசியாக இருக்கப்போகும் இடத்தில் இருக்க வேண்டும். மீட்டர் அளவுக்கு வட்டமாக வெட்டிய காகிதங்களை ஒட்டிவிட்டு, ஓட்டும் நிலையில் உட்கார்ந்து பாருங்கள். ஸ்டியரிங் வளையமும் அதன் கைகளும் எந்த வட்டத்தை மறைக்கின்றன என்பது நொடியில் தெரிந்துவிடும். வெளியே நின்று பார்த்து அழகாக வரிசைப்படுத்தியது, உட்கார்ந்து பார்த்தால் அநேகமாகச் சரிவராது. இடம் முடிவானதும் டேஷின் பின்பக்கத்தைப் பாருங்கள். குறுக்கே ஓடும் சேஸிஸ் குழாய், வைப்பரின் ரேக் குழாய், கண்ணாடிப் பனியை நீக்கும் காற்றுக்குழாய் மூன்றும் அங்கேதான் இருக்கும். மீட்டரின் ஆழத்தோடு ஒயர் முனைகளுக்கு இன்னொரு 40 மி.மீ. சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

தகடு 2 மி.மீ. அலுமினியம் போதும். 5052-எச்32 ரகம் விறைப்பாகவும் இருக்கும், மடிக்கவும் வரும். 1050 ரகம் இன்னும் சுலபமாக மடியும், ஆனால் கை பட்டாலே நெளியும். கடைக்காரர் 6061-டி6 கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சிறிய வளைவில் மடித்தால் மடிப்பிலேயே வெடிப்பு விடும். கீழ்விளிம்பை மடிக்க 38 மி.மீ. வெளிவிட்டம் உள்ள குழாயைப் பயன்படுத்துங்கள், 19 மி.மீ. ஆரம் கிடைக்கும். தகடு கொஞ்சம் திரும்பி விரியும் என்பதால் தேவைக்கு மேல் சற்று அழுத்தி மடிக்க வேண்டும்.

இரண்டு 6 மி.மீ. பிளைவுட்டுக்கு நடுவில் தகட்டை வைத்து கிளாம்ப் போட்டு வெட்டினால் ஹோல் சா (வட்ட ஓட்டை வெட்டும் ரம்பம்) குதிக்காது, பிசிறும் குறையும். சென்டர் பஞ்ச் அடிக்காமல் பைலட் டிரில்லை வைக்காதீர்கள். அது அரை மி.மீ. நகர்ந்தாலே வரிசையாக இருக்கும் நான்கு சின்ன மீட்டர்களில் ஒன்று தொங்குவது போலத் தெரியும். வேகம் நிமிடத்துக்கு 250 சுற்றுக்குள் இருக்கட்டும், 86 மி.மீ.க்கு இன்னும் குறைவு. பல்லில் அலுமினியம் அப்பிக்கொள்ளாமல் இருக்க மண்ணெண்ணெய் சில சொட்டு விடுங்கள். அரை மி.மீ. குறைவாக வெட்டி, அரைவட்ட அரத்தால் தேய்த்து மீட்டர் உட்காரும் அளவுக்குக் கொண்டுவருவதே நல்ல வழி.

டேஷைக் கழற்ற வேண்டிய நாள் கட்டாயம் வரும். எனவே ரிவெட் அடித்து மூடிவிடாமல், எம்5 ரிவ்நட் (தகட்டில் பதியும் மரை) ஏழெட்டு வைத்து ஸ்க்ரூவில் மாட்டுங்கள். ஒயரில் 300 மி.மீ. கூடுதல் விட்டு, பல முனை கனெக்டர் வழியாகக் கொடுங்கள். டேஷை மடியில் சாய்த்து வைத்தே வேலை பார்க்கலாம்.

கறுப்பு ரெக்சின் ஒட்டினேன். மூலைகளில் சுருக்கம். மீட்டரைச் சுற்றி ரெக்சின் விலகி வெள்ளைத் தகடு தெரிகிறது. என்ன தவறு?
– வாசகர், கோவை

இரண்டும் ஒரே காரணத்தால் வருபவை. ஹீட் கன் வைத்து ரெக்சினை மிகவும் இழுத்து ஒட்டினால் அன்றைக்கு இறுக்கமாக இருக்கும். திறந்த காரில் வெயில் பட்டுச் சூடேறியதும் இழுத்த ரெக்சின் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். சாதாரண ஸ்ப்ரே பசை அந்தச் சூட்டில் இளகி அதை விட்டுவிடும். அதிகச் சூடு தாங்கும் கான்டாக்ட் பசையைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

தகட்டை 240 உப்புத்தாளால் தேய்த்து, தின்னரால் துடைத்து, தகடு, ரெக்சின் இரண்டிலும் பசை பூசுங்கள். விரல் வைத்தால் ஒட்டாத நிலை வரும்வரை, சுமார் 10–15 நிமிடம், காத்திருங்கள். ஈரத்தோடு ஒட்டினால் உள்ளே அடைபட்ட கரைப்பான் பின்னால் குமிழாக எழும். நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கி அழுத்திக்கொண்டே போங்கள். சூடு மூலைகளுக்கு மட்டும் போதும். ரெக்சினின் தோல் ரேகை மங்கிப் பளபளக்கத் தொடங்கினால் சூடு கூடிவிட்டது என்று பொருள், அந்த இடம் பிறகு பழையபடி வராது. வெளிமூலைகளில் பின்பக்கம் மடியும் துணியை வி வடிவில் வெட்டி எடுத்துவிட்டால் சுருக்கம் சேர இடமே இருக்காது.

மீட்டர் ஓட்டையை மூடியிருக்கும் ரெக்சினை, ஒட்டி ஒரு நாள் கழித்து வெட்டுங்கள். விளிம்பை ஒட்டி வட்டமாக வெட்டிவிட்டு பெசல் மறைக்கும் என்று நம்பியதால்தான் உங்களுக்குத் தகடு தெரிகிறது. நட்சத்திரம் போல எட்டுக் கீற்றாக வெட்டி, ஒவ்வொரு வெட்டையும் விளிம்புக்கு 2 மி.மீ. முன்பே நிறுத்தி, கீற்றுகளைப் பின்பக்கம் மடித்து ஒட்ட வேண்டும். இதற்காக ஓட்டை 2 மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும், ஏனெனில் 1 மி.மீ. ரெக்சின் இரு பக்கமும் உள்ளே நுழைகிறது. எனவே எப்படி ஒட்டப்போகிறோம் என்பதைத் தகடு வெட்டும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

ரெக்சினுக்கு அடியில் பஞ்சு வைப்பதானால் 3 மி.மீ.க்கு மேல் வேண்டாம். பெசல் உட்காரும் வட்டத்தில் பஞ்சை வெட்டி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் நட்டை முடுக்க முடுக்க ஒவ்வொரு மீட்டரும் ஒவ்வொரு ஆழத்தில் புதையும்.

ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள்ளும் பெட்ரோல் முள்ளும் நகர்கின்றன. இண்டிகேட்டர் போட்டால் அதன் தாளத்துக்கு ஆடுகின்றன. மீட்டர்கள் புதியவை.
– வாசகர், டொராண்டோ

மீட்டரில் கோளாறு இல்லை, எர்த்தில்தான், அதாவது மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பும் வழியில். இரும்பு பாடி உள்ள காரில் எங்கே ஸ்க்ரூ போட்டாலும் எர்த் கிடைக்கும். ஃபைபர்கிளாஸ் பாடியில் அது கிடையாது. டேஷ் அலுமினியமாக இருந்தாலும் அதைப் பிடித்திருப்பது ஃபைபர்கிளாஸ்தான். ஆகவே மீட்டர், விளக்கு, இண்டிகேட்டர் எல்லாமே ஒரே மெல்லிய கறுப்பு ஒயர் வழியாகத் திரும்பினால், விளக்கின் மின்னோட்டம் அந்த ஒயரில் வோல்டேஜை உண்டாக்கும். மீட்டரின் எர்த் முனை பூஜ்யத்தில் இல்லாமல் அரை வோல்ட் மேலே போய் நிற்கும். ஆனால் டெம்பரேச்சர் சென்ஸாரோ என்ஜின் பிளாக்கில் எர்த் ஆகியிருக்கிறது. இரண்டும் வெவ்வேறு மட்டத்தில் நின்றால் முள் பொய் சொல்லத்தான் செய்யும்.

சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். விளக்குகளைப் போட்டுவிட்டு, மீட்டரின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்து பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.3 வந்தால் காரணம் பிடிபட்டுவிட்டது. பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு ஒயரைத் தற்காலிகமாக அந்த முனையில் தொட்டுப் பாருங்கள், முள் நின்றுவிடும்.

தீர்வு இதுதான். டேஷின் பின்னால் ஒரு எம்6 போல்ட்டை எர்த் முனையாக வையுங்கள். அங்கிருந்து சேஸிஸில் பெயிண்ட் சுரண்டிய இடத்துக்கு 4 சதுர மி.மீ. ஒயர் ஒன்று. மீட்டர்களின் எர்த்துக்குத் தனி ஒயர், விளக்குகளுக்குத் தனி ஒயர், இரண்டும் அந்த போல்ட்டில் மட்டுமே சேரட்டும். ஹெட்லைட், ரேடியேட்டர் ஃபேன் ஆகியவற்றின் எர்த் டேஷுக்கு வரவே கூடாது, நேராக சேஸிஸுக்குப் போக வேண்டும். என்ஜினுக்கும் சேஸிஸுக்கும் இடையே தடித்த பட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். ரப்பர் மவுண்டில் உட்கார்ந்த என்ஜினுக்குத் தானாக எர்த் கிடைக்காது. சென்ஸார் மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றியிருந்தாலும் இதே தொல்லை வரும்.

பெட்ரோல் மீட்டர் காலித் தொட்டிக்கும் பாதிக்கு மேல் காட்டுகிறது.
– வாசகர், கோலாலம்பூர்

தொட்டிக்குள் பெட்ரோல் மட்டத்துக்கு ஏற்ப மின்தடையை (ஓம்) மாற்றும் மிதவையும் மீட்டரும் வேறு வேறு குடும்பம். ஸ்டூவர்ட் வார்னர் மீட்டர் காலிக்கு 240 ஓம், நிறைவுக்கு 33 ஓம் எதிர்பார்க்கும். பழைய ஃபோர்டு மிதவை காலிக்கு 73, நிறைவுக்கு 10. அந்த 73-ஐ இந்த மீட்டர் பாதிக்கு மேல் என்றுதான் புரிந்துகொள்ளும். வி.டி.ஓ. மிதவைகளில் 10–180 ஓம் வகை உண்டு, அதில் காலிக்கு 10. அதை மாட்டினால் திசையே தலைகீழாகிவிடும். மிதவையைத் தொட்டியில் இறக்கும் முன் கையால் தூக்கியும் இறக்கியும் ஓம் அளந்து, மீட்டரின் தாளோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

அசல் காரில் இருந்தது போல அம்மீட்டர் வைக்க ஆசை. வைக்கலாமா?
– வாசகர், மதுரை

வேண்டாம். அம்மீட்டர் என்றால் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்னோட்டம் முழுவதும் டேஷுக்கு வந்து திரும்ப வேண்டும். இன்றைய ஆல்டர்னேட்டர்கள் 60 ஆம்பியருக்கு மேல் தருகின்றன. ஃபியூஸ் இல்லாத இரண்டு தடித்த ஒயர்கள், முழங்காலுக்கு மேலே, ஃபைபர்கிளாஸ் பாடிக்குள். ஒரு நட்டு தளர்ந்தாலே தீ பிடிக்கும். அதே அளவில், அதே எழுத்து வடிவில் வோல்ட்மீட்டர் கிடைக்கிறது. ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் சார்ஜ் சரியாக ஏறுகிறது. இதே எச்சரிக்கை ஹெட்லைட் சுவிட்சுக்கும் பொருந்தும். 55 வாட் பல்பு இரண்டு என்றால் 9 ஆம்பியருக்கு மேல். அழகுக்காக வைக்கும் பழைய பாணி டாகிள் சுவிட்ச் (மேலும் கீழும் தள்ளும் குச்சி உள்ளது) அதைச் சுமக்கக் கூடாது, ரிலே சுமக்கட்டும்.

பிரிட்டனில் ஐ.வி.ஏ. (தனி வாகன ஒப்புதல்) பரிசோதனைக்கு டேஷில் என்னென்ன பார்ப்பார்கள்? டாகிள் சுவிட்ச் வைத்தால் தோற்றுவிடும் என்கிறார்களே?
– வாசகர், லெஸ்டர்

எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தலைக்கு ஈடாக வைக்கும் 165 மி.மீ. விட்டமுள்ள உருண்டை எட்டித் தொடும் விளிம்புகளுக்கு 2.5 மி.மீ. ஆரமாவது வேண்டும். டேஷின் கீழ்விளிம்பைக் குழாயில் 19 மி.மீ. ஆரத்துக்கு மடிக்கச் சொன்னது இதற்காகவும்தான். 9.5 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கெட்டியான சுவிட்ச், 37.8 டெக்காநியூட்டன் (378 நியூட்டன்) விசையில் உள்ளே போகவோ கழன்றுவிடவோ வேண்டும், அல்லது முனை போதிய அகலமாக இருக்க வேண்டும். மெல்லிய உலோக டாகிள் இதில் தேறாது.

ஆனால் ஸ்டியரிங்குக்கு நேர் முன்னால் உள்ள பகுதிக்கு விலக்கு உண்டு. ஸ்டியரிங் வளையத்தின் வெளிவட்டத்தோடு 127 மி.மீ. சேர்த்து வரையும் வட்டம் அது, கீழே வளையத்தின் அடிமட்டம் வரை. 15 அங்குல ஸ்டியரிங் என்றால் மையத்திலிருந்து ஏறத்தாழ 317 மி.மீ. ஹார்டுபோர்டு மாதிரியிலேயே அந்த வட்டத்தை வரைந்து, எல்லா டாகிள்களையும் அதற்குள் அடக்கிவிடுங்கள். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டக் கூடாது. ஜி.பி.எஸ். வைத்துச் சரிபார்த்து, ஓரிரு மைல் கூடுதலாகக் காட்டும்படி வையுங்கள். வேலையைத் தொடங்கும் முன் நடப்பில் உள்ள ஐ.வி.ஏ. கையேட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கோப்ரா அல்ல, புகாட்டி டைப் 35 நகல். அதன் டேஷில் மீன் செதில் போன்ற பளபள வட்டங்கள் இருக்கின்றனவே, கையால் வருமா?
– வாசகர், சிங்கப்பூர்

வரும், பொறுமைதான் வேண்டும். டைப் 35 1924-இல் லியோன் கிராண்ட் பிரீயில் அறிமுகமான கார். அந்த வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறி நிற்பதுதான் அழகு. 12 மி.மீ. கட்டை மரக் குச்சியை டிரில் பிரெஸ்ஸில் பிடித்து, முனையில் வால்வு தேய்க்கும் பேஸ்ட்டும் ஒரு சொட்டு எண்ணெயும் வையுங்கள். தகட்டில் ஒவ்வொரு இடத்திலும் ஒன்றிரண்டு நொடி அழுத்தி, 6 மி.மீ. நகர்த்தி அடுத்தது. அடுத்த வரிசையும் 6 மி.மீ. தள்ளி. எல்லா வரிசையையும் ஒரே திசையில் போடுங்கள். ஒன்றை இடமிருந்தும் அடுத்ததை வலமிருந்தும் போட்டால் செதில்கள் எதிரெதிராகப் படிந்து, வெளிச்சம் பட்டதும் கோடு கோடாகத் தெரியும்.

1,000க்கு 200 மி.மீ. தகடு என்றால் ஐயாயிரத்து ஐந்நூறு வட்டங்கள் வரும். டிரில் மேசையில் ஒரு பலகையை வேலியாகப் பொருத்தி, 6 மி.மீ.க்கு ஒரு குறி போட்டுக்கொண்டால் கை தடுமாறாது. மீட்டர் ஓட்டைகளை இதற்குப் பிறகு வெட்டுங்கள். முதலில் வெட்டினால் ஓட்டையின் ஓரத்தில் குச்சி சரிந்து வட்டம் பிறை போல ஆகிவிடும். வெட்டும்போது இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். முடித்ததும் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, மெல்லிய கிளியர் லேக்கர் அடியுங்கள். லேக்கர் இல்லாத அலுமினியத்தில் விரல் ரேகை அப்படியே பதிந்துவிடும்.