மோபி டிக்கின் கயிறு

வணக்கம் ஐயா,

மோபி டிக் நாவலை உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் வாங்கினேன். முதல் நூறு பக்கம் கீழே வைக்க முடியவில்லை. கப்பல் கிளம்பியதும் கதை காணாமல் போய்விட்டது. திமிங்கலத்தின் வகைகள், தலை, வால், எண்ணெய், படகு, கயிறு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அத்தியாயம். பொறுமை போய், நடுவில் பெரும்பகுதியைத் தள்ளிவிட்டு நேராகக் கடைசி மூன்று நாள் வேட்டைக்குப் போனேன். அங்கேயும் ஏமாற்றம். அவ்வளவு பெரிய ஆளாகக் காட்டப்பட்ட கேப்டன் ஆகாப் ஒரே வாக்கியத்தில் செத்துப்போகிறான். நான் தள்ளிய பக்கங்களில் கதைக்கு வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இருக்கிறது. உங்கள் பட்டியலில் கடைசியாகப் போட்டிருக்கிறீர்களே, ஈட்டியோடு கட்டும் அந்தக் கயிறு. ஆகாபின் சாவுக்கு வேண்டியதையெல்லாம் நாவலை எழுதிய மெல்வில் 60ஆம் அத்தியாயத்திலேயே சொல்லி முடித்துவிட்டார். அதனால்தான் கடைசியில் அவருக்கு ஒரு வாக்கியம் போதுமாக இருக்கிறது.

மூன்று நான்கு பக்கம்தான் அந்த அத்தியாயம். கயிற்றின் கனம் முக்கால் அங்குலம்கூட இல்லை, ஆனால் மூன்று டன் இழுப்பைத் தாங்கும். நீளம் ஆயிரத்து இருநூறு அடிக்கு மேல். அதைப் படகின் பின்பக்கத் தொட்டியில் சுருட்டி வைக்கவே ஒரு காலைப்பொழுது போய்விடும். எங்காவது ஒரு முறுக்கு நின்றுவிட்டால், கயிறு ஓடும்போது யாருடைய கையையோ காலையோ கொண்டுபோய்விடும். தொட்டியிலிருந்து கிளம்பும் கயிறு பின்பக்கக் கட்டையை ஒரு சுற்றுச் சுற்றி, படகின் முழு நீளத்துக்கும் முன்னால் போகிறது. துடுப்புப் போடுகிற ஒவ்வொருவன் கைப்பிடி மேலும் குறுக்கே கிடக்கிறது, மணிக்கட்டை உரசுகிறது. முன்னால் ஈட்டி பாய்ந்த அடுத்த நொடி, திமிங்கலம் இழுக்க, இத்தனையும் ஒரே வேகத்தில் ஓடத் தொடங்கும். அதற்கு நடுவில் உட்கார்ந்துதான் அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு துடுப்புப் போடுகிறார்கள். 1841 ஜனவரியில், 21 வயதில், அகுஷ்நெட் என்ற திமிங்கலக் கப்பலில் ஏறி ஒன்றரை வருஷம் வேலை பார்த்தவர் மெல்வில். கயிறு எங்கே உரசும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்புறம் இந்தக் கயிறு நாவலை விட்டுப் போகவே இல்லை. 72ஆம் அத்தியாயத்தில் குவீக்வெக் என்ற ஈட்டிக்காரன் செத்த திமிங்கலத்தின் முதுகில் வழுக்கி வழுக்கி நிற்கிறான், சுற்றிலும் சுறாக்கள். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை கப்பல் தளத்தில் நிற்கும், கதையைச் சொல்லும் இஷ்மேலின் இடுப்பில். அவன் முழுகினால் இவனும் போக வேண்டும்.

93ஆம் அத்தியாயத்தை நீங்கள் தள்ளியதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிப் என்ற கறுப்பினச் சிறுவன், வேறொருவனுக்குப் பதிலாகப் படகில் ஏற்றப்பட்டவன். திமிங்கலம் படகின் அடியில் இடித்ததும் பயந்து குதிக்கிறான். கயிறு அவன் மார்பிலும் கழுத்திலும் சுற்றிக்கொள்கிறது, முகம் நீலம் பாரிக்கிறது. கயிற்றை வெட்டுகிறார்கள். பையன் பிழைக்கிறான், திமிங்கலம் போய்விடுகிறது. துணை மாலுமி ஸ்டப் அவனிடம், அலபாமா சந்தையில் உன்னை விற்றால் கிடைப்பதைப்போல முப்பது மடங்கு இந்தத் திமிங்கலத்துக்குக் கிடைக்கும், இன்னொரு தடவை குதித்தால் விட்டுவிட்டுப் போய்விடுவோம் என்கிறான். அமெரிக்காவில் அடிமை வியாபாரம் சட்டப்படி நடந்துகொண்டிருந்த 1851இல் அச்சான புத்தகம் இது. பிப் மறுபடியும் குதிக்கிறான். நடுக்கடலில் தனியாகக் கிடந்து, தற்செயலாகக் கப்பல் அந்தப் பக்கம் வந்ததால் உயிர் பிழைக்கிறான். ஆனால் புத்தி திரும்பவில்லை. இந்தச் சின்ன அத்தியாயத்துக்குச் சமமாக வைக்க அந்தக் காலத்து நாவல்களில் எனக்கு அதிகம் தோன்றவில்லை.

இப்போது கடைசி அத்தியாயம், 135. மோபி டிக் என்ற வெள்ளைத் திமிங்கலத்தின் மேல் ஆகாப் ஈட்டியை எறிகிறான். திமிங்கலம் பாய்கிறது, கயிறு ஓடுகிறது, ஓரிடத்தில் சிக்குகிறது. ஆகாப் குனிந்து சிக்கை எடுக்கிறான்; எடுத்தும்விடுகிறான். பறக்கும் ஒரு சுற்று அவன் கழுத்தில் விழுகிறது, அவ்வளவுதான். அடுத்த நொடி, காலியான தொட்டியிலிருந்து கயிற்றின் கடைசி முனை பறந்து கடலுக்குள் போகிறது. பிப்பின் கழுத்தில் சுற்றியபோது வெட்ட ஒரு கை இருந்தது. இங்கே ஆகாப் போனது கூட இருந்தவர்களுக்கே உடனே தெரியவில்லை. 60ஐயும் 93ஐயும் படிக்காமல் வருகிறவருக்கு இது அவசர முடிவாகத்தான் தெரியும், உங்களைச் சொல்லிக் குற்றமில்லை.

பின்னுரையையும் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். லண்டனில் வந்த முதல் பதிப்பில் அது விடுபட்டுப்போய், கப்பல் மூழ்கி எல்லாரும் செத்தபின் கதை சொல்வது யார் என்று அங்கே விமர்சகர்கள் கேட்டார்கள். மூன்றாம் நாள் ஆகாபின் படகில் துடுப்புப் போட்டவர்களில் இஷ்மேலும் ஒருவன் என்பது அந்தச் சின்னப் பின்னுரையில்தான் வெளிவருகிறது. படகு குலுங்கியதில் வெளியே விழுந்து பின்தங்கியதால் பிழைத்தவன். 60ஆம் அத்தியாயத்தில் கயிற்றைப் பற்றி நமக்குப் பாடம் எடுப்பவன் அவன்தான்.

திமிங்கல வகைகளை அடுக்கும் 32ஆம் அத்தியாயத்தில் பொறுமை போனதில் தப்பில்லை, அதை வேகமாகப் புரட்டலாம். மொத்தத்தையும் மறுபடி தொடங்க இப்போது மனம் வராவிட்டால் சரி, 60, 72, 93, 135, பின்னுரை என்ற வரிசையில் மட்டும் படியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். படித்துவிட்டு அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி எனக்கு மறுபடி எழுதுங்கள்.